கரண்ட் போனால் கடல் என்ன செய்யும்?

அன்புள்ள ஐயா,

மேடவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளம் வாடகைக்கு, மாடி எங்களுக்கு. துபாயில் ஒரு நண்பன் வீட்டில் சுவர் முழுக்கப் பவளமும் மீனுமாக ஒரு கடல் தொட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாடி ஹாலில் 8 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறேன். ஒரு கடைக்காரர் பம்ப், விளக்கு, கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுத்திருக்கிறார். ஆக்ரோபோரா என்கிற கல்பவளம் உட்பட எந்தப் பவளம் வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்கிறார். என் மாமாவோ, "இதெல்லாம் எதுக்குடா, கோவளத்துல இருந்து தண்ணியும் நாலு கல்லும் கொண்டுவந்து போட்டா தானா செட் ஆயிடும்" என்கிறார். தை மாதம் கிரகப்பிரவேசம். அன்றைக்கு மீன் நீந்த வேண்டும் என்பது என் ஆசை. பட்ஜெட் எட்டு லட்சம். இதில் எது சரி, எது தப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பம்ப் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, துபாய் நண்பர்கூட இருக்கிறார். கரண்ட் கட் மட்டும் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்போது வாடகை வீட்டில் நாலடித் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். மதியமே கரண்ட் போய்விட்டது. கடல்நீரில் நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும், சூடு ஏறினால் இன்னும் குறையும். பம்ப் நின்றுவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டத் தொடங்கும். நானும் மனைவியும் முறை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வந்தேன். மூன்று நாள் இப்படி ஓடியது. ஒரு மீன்கூடச் சாகவில்லை. நாலாம் நாள் மாலை கரண்ட் வந்தது, தெருவே கைதட்டியது. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

தொட்டிக்குக் கீழே மூடிய டப்பா ஃபில்டர் ஒன்று இருந்ததை மறந்துவிட்டேன். காற்றே இல்லாமல் மூன்று நாள் மூடிக்கிடந்ததில் உள்ளே இருந்த நல்ல பாக்டீரியாக்கள் செத்து, கசடு அழுகிக் கறுத்துப்போயிருந்தது. கரண்ட் வந்ததும் அந்த ஃபில்டர் சமர்த்தாக ஓட ஆரம்பித்து, அத்தனை விஷத்தையும் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. விடிகாலையில் ஹால் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். மீன்கள் எல்லாம் மேலே மிதந்தன. கரண்ட் போனபோது பிழைத்தவை கரண்ட் வந்ததில் செத்தன.

அன்றிலிருந்து யார் தொட்டி வரைபடத்தைக் காட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கரண்ட் போன அந்த நிமிடம் தண்ணீர் எங்கே போகும்? பெரிய தொட்டிகளில் கீழே சம்ப் என்று இன்னொரு தொட்டி இருக்கும். மேலேயிருந்து தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும், பம்ப் அதை மீண்டும் மேலே ஏற்றும். பம்ப் நின்றதும் மேலேற்றும் குழாயே தலைகீழாக உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாய் வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் இறங்கிவிடும். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 35 லிட்டர். நாலங்குலம் என்றால் 140 லிட்டர் உப்புத் தண்ணீர். அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் காலியிடம் சம்பில் இல்லையென்றால் அது உங்கள் புது டைல்ஸ் மேல் ஓடி, கீழே குடியிருப்பவர் தலையில் சொட்டும். குழாயில் ஓட்டை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஓட்டையை ஒரு நத்தையோ பாசியோ ஒரு நாள் அடைத்துவிடும். ஓட்டை இருக்கட்டும், நம்பிக்கையைக் காலியிடத்தின் மேல் வையுங்கள். வழியும் குழாய் ஒன்று போதாது, அடைத்துக்கொண்டால் தாங்க இன்னொன்றாவது வேண்டும். எல்லாம் பூட்டி முடித்ததும், மீன் விடுவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். பத்து தடவை அணைத்துப் போடுங்கள். சிரிக்காதீர்கள், நான் செய்வேன்.

தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார்களில் ஒன்றிரண்டு, 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுபவை, தானாக பேட்டரிக்கு மாறும்படி இருக்கட்டும். கரண்ட் இல்லாதபோது தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டிருந்தாலே பாதி உயிர் தப்பியது. மூடிய டப்பா ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எடை. நீங்கள் சொல்லும் அளவு 72 கன அடி, அதாவது 2,000 லிட்டருக்கு மேல். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிடக் கொஞ்சம் கூடுதல். கண்ணாடி, கல், ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேர்த்தால் மூன்று டன்னை நெருங்கும். ஒரு பெண் யானையை மாடி ஹாலில் கட்டி வைக்கப்போகிறீர்கள், அதுவும் அசையாமல் இருபத்து நாலு மணி நேரமும். குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்ற கணக்கில்தான் இந்தியத் தர நிர்ணயப்படி பாரம் எடுப்பார்கள். உங்கள் தொட்டி அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 1,300 கிலோவைத் தாண்டும். சுற்றியுள்ள தளம் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மை. எவ்வளவு பகிரும் என்பதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கட்டடப் பொறியாளர். மேஸ்திரி "தாங்கும் சார்" என்பார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

என் யோசனை: மாடி வேண்டாம், தரைத்தளத்துக்கு வாருங்கள். வாடகைக்கு மாடியை விடுங்கள். முடியாது என்றால் தொட்டியைச் சுருக்குங்கள். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம், 850 லிட்டர். எல்லாம் சேர்த்து ஒன்றரை டன்னுக்குள் அடங்கும். வீடு இன்னும் கட்டிக்கொண்டிருப்பதால், உத்தரம் ஓடும் இடத்தைக் கேட்டு, சுவரோடு ஒட்டி, தொட்டிக்குக் கீழே உத்தரம் வரும்படி இப்போதே வரைபடத்தில் சேர்க்கச் சொல்லலாம். மூன்றடி உயரம் எதற்கும் உதவாது. கண்ணாடியின் மேல் அழுத்தம் நீளத்தாலோ அகலத்தாலோ ஏறுவதில்லை, உயரத்தால்தான் ஏறுகிறது. தடிமன் கூடும், விலை கூடும். அடியில் விழுந்த ஒரு கல்லை எடுக்க உங்கள் கை எட்டாது. அகலம்தான் அழகு. மீன் திரும்பி நீந்த இடம் வேண்டும்.

மாமாவின் வைத்தியத்தைக் கேலி செய்யமாட்டேன், அதற்கு ஒரு பெரிய மனிதரின் பரம்பரை உண்டு. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் கடல்நீரும் உயிருள்ள கல்லும் (கடலுயிர்கள் குடியேறிய கல்) வெயிலும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டியில் பவளம் வளர்த்து, 1961இல் அதை எழுதியும் வைத்தார். இன்று உலகம் முழுக்கச் செய்யும் முறைகளில் அவருடைய கல் இருக்கிறது. கல்லின் துளைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவின் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. தத்துவம் சரி. நம் ஊரில் தண்ணீரும் கல்லும்தான் சிக்கல்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நன்னீர் இறங்கும்போது கரையோர உப்பளவு சரிந்துவிடும். அந்தத் தண்ணீரோடு வேறு என்னென்ன இறங்குகிறது என்பதைச் சொல்லவே வேண்டாம். உப்புக் கலவை வாங்கிக் கரைப்பதுதான் வழி. லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, ஆக ஆயிரம் லிட்டருக்கு 40 கிலோ வாங்கி வையுங்கள். கரைக்கும் தண்ணீரில் எதுவுமே இருக்கக்கூடாது, கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. அங்கே கொண்டுபோய் விடாது, அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வேண்டும். உங்கள் பகுதி போர் தண்ணீருக்கு அந்த ரெசின் வேகமாகத் தீரும். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரை வீடு துடைக்க, கழிப்பறைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் தெருவே லாரிக்குக் குடத்தோடு நின்றபோது நான் மீனுக்குத் தண்ணீர் மாற்றியதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பு ஆவியாவதில்லை. நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதையும் மிதவை வைத்துத் தானாக ஊற்றும்படி செய்வது நல்லது. ஆவியாவதில் ஒரு லாபமும் உண்டு: ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். நாலு சின்ன ஃபேன் வைத்தே மார்ச் வரை சமாளிக்கலாம். கத்திரி வெயிலில், மாலையில் புழுக்கம் ஏறும் நேரத்தில் ஃபேன் சுற்றும், ஆனால் குளிராது. அப்போது சில்லர் வேண்டும். சில்லர் தொட்டியின் சூட்டை எடுத்து அறைக்குள்ளேயே விடும். அதனால் அதைப் பால்கனியில் வைக்கக் குழாய்ப் பாதை ஒன்றைச் சுவர் எழும்பும்போதே விட்டுவிடுங்கள். பிறகு உடைத்தால் மனைவியின் கோபம் சில்லருக்கும் அடங்காது.

இப்போது கல்லும் பவளமும். கடைக்காரர் ஆக்ரோபோரா தருகிறேன் என்கிறாரே, அதற்கு என்ன பில் தருவார் என்று கேளுங்கள். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல்விசிறியும் கடல்குதிரையும் அந்த வரிசையில் வந்தன. புலி இருக்கும் அட்டவணை அது. செத்த பவளக் கல்லும் இதில் சேர்த்திதான், எனவே மாமாவின் நாலு கல்லும் போயிற்று.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டுவது உடனே நின்றுவிடவில்லை. பிறகு 2010, 2016 வெப்பத்தில் பவளங்கள் வெளுத்தன. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருடங்களாகக் கடலடியில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அங்கே நடுவதை இங்கே ஒருவர் உடைத்து ஹாலில் வைப்பதா?

பவளம் இல்லாமல் என்ன தொட்டி என்று முகம் சுளிக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கல்பவளம் இல்லையென்றால் வெயிலுக்கு ஈடான விளக்கு தேவையில்லை, தினமும் கால்சியமும் காரத்தன்மையும் அளந்து ஊற்றத் தேவையில்லை. கடைக்காரர் பட்டியலில் பாதி அடித்துவிடலாம். அந்தப் பணத்தில் சில்லரும் பேட்டரியும் வாங்குங்கள். கல்லை நீங்களே செய்யுங்கள், வீட்டில்தான் சிமெண்ட் கிடக்கிறதே. சிமெண்டோடு கல்லுப்பைக் கலந்து, மணலைக் குவித்து அதில் குழி பறித்து ஊற்றினால் தாறுமாறாக, குகை குகையாக வரும். உப்பு கரைந்து துளைகள் விழும். ஆனால் புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். தளத்துக்குத் தண்ணீர் கட்டுவது போல இதற்கும் தண்ணீர் கட்டி, மாற்றி மாற்றி, பி.எச். இறங்கும்வரை இரண்டு மாதமாவது ஊறவிட வேண்டும். பிறகு அதில் ஊதா நிறப் பாசி ஏறும்போது வாங்கிய கல்லா செய்த கல்லா என்று உங்களுக்கே மறந்துவிடும்.

மீனில் முதல் ஜோடி கோமாளி மீனாக இருக்கட்டும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்களிலும், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் கண்ணாடியைப் பார்த்து மிரளாது, தீனியை முதல் நாளே எடுக்கும். ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். விருந்தாளிகளுக்குச் சொல்ல ஒரு கதை ஆயிற்று. எந்த மீன் வந்தாலும் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

தை மாத ஆசைக்கு வருகிறேன். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா புதுக் கல்லில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை மீன் கூடாது. அதைவிட முக்கியம், கிரகப்பிரவேசத்தன்று அந்த ஹாலில் ஹோமம் நடக்கும். புதுப் பெயிண்ட் வாசம், ஹோமப் புகை, ராத்திரி தங்கும் சொந்தக்காரர்களுக்காகச் செருகி வைக்கும் கொசு மருந்து எல்லாவற்றையும் காற்று பம்ப் இழுத்துத் தண்ணீரில் கலக்கும். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். அன்றைக்குத் தொட்டியில் வெறும் தண்ணீரும் கல்லும் இருக்கட்டும், பம்பை அணைத்துத் துணி போட்டு மூடிவிடுங்கள். "மீன் எங்கே?" என்று எல்லோரும் கேட்பார்கள். பங்குனியில் வாருங்கள் என்று சொல்லுங்கள்.

உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பொறியாளர் குறித்துக் கொடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஸ்டாண்டு வைக்கும் நாளில் மேஸ்திரியை ரசமட்டத்தோடு வரச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நீங்களே குனிந்து பாருங்கள், அவர் சொல்வதை நம்பி எழுந்துவிடாதீர்கள்.

அன்புடன்