பக்கத்துக் காட்டுக்காரர் நட்ட கல்

கேள்வி: நான் கோவையில் வேலை பார்க்கிறேன். ஊரில் 80 சென்ட் புஞ்சை, பட்டா என் பெயரில். பக்கத்துக் காட்டுக்காரர் அதன் வழியே டிராக்டர் ஓட்டுகிறார். போன மாதம் வரப்பைத் தாண்டி நாலு கல்லும் நட்டுவிட்டார். போலீசில் ‘இது சிவில் மேட்டர்’ என்கிறார்கள். அத்துமீறி நுழைவது குற்றமில்லையா?

பதில்: குற்றம்தான். ஆனால் காலை வைத்ததுமே குற்றமாகிவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 329-ஆவது பிரிவு, நுழைந்தவரின் எண்ணத்தைத்தான் பார்க்கிறது. குற்றம் செய்யவோ, நிலத்தை அனுபவத்தில் (அதாவது கைவசம்) வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ நுழைந்திருக்க வேண்டும். தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குள் நுழைந்தால் சிறை ஓராண்டு வரை போகும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஆகவே ஆளை உள்ளே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

டிராக்டர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 20 வருடம் தடையில்லாமல், எல்லோரும் அறிய, உரிமையோடு போய்வந்த பாதை என்றால் அவருக்கு வழி உரிமையே வந்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

எனக்குக் கவலை அந்தக் கல்தான். அது நிலத்தையே எடுத்துக்கொள்ளும் வேலை. கோபத்தில் பிடுங்கிப் போட்டால் புகார் உங்கள் மேல் திரும்பும். சர்வேயரை வைத்து அளக்க மனுக் கொடுங்கள்; புலப்படத்தோடு (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) ஒப்பிட்டால் எல்லை தெரிந்துவிடும். (கல் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று அளந்தபிறகு தெரிவதும் உண்டு!) ஸ்டேஷனில் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். ‘வராதே என்றேன், மிரட்டினார்’ என்பது போல நடந்திருந்தால், தேதியோடு எழுதுங்கள். எண்ணத்தைக் காட்டுவது அதுதான்.

அப்புறம், நாள் கணக்கு. அனுபவத்திலிருந்த இடத்தைச் சம்மதமில்லாமல் பறித்தால், 1963-ஆம் வருடத்துக் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆவது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அதில் பட்டா, பத்திரம் கொண்டு உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை. நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது என்று காட்டினால் போதும். தவறவிட்டால் உரிமையை நிரூபித்து நீண்ட வழக்குதான் நடத்த வேண்டும். அதற்கும் 12 வருடம்தான் கெடு. வெளியூரில் இருப்பவருக்கு அனுபவத்தைக் காட்டுவதுதான் சிரமம். அடங்கல் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் சாகுபடிக் கணக்கு) நகலையும் கிஸ்தி (நிலவரி) ரசீதுகளையும் இப்போதே எடுத்து வையுங்கள்.