மேலே டேங்க் நிறையத் தண்ணீர், குழாயில் நூல் போல ஒழுக்கு

கேள்வி: மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க் இருக்கிறது. அது ஒருமுறை காலியாகி மறுபடி நிரப்பினால், முதல் மாடி பாத்ரூமில் மட்டும் தண்ணீர் நூல் போல வருகிறது. கீழ் வீட்டில் நன்றாக வருகிறது. இரண்டு மூன்று நாளில் தானே சரியாகிவிடுகிறது. பிரஷர் பம்ப் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம். லைனில் காற்று அடைத்திருக்கிறது. டேங்கிலிருந்து புறப்படும் பைப் கைப்பிடிச்சுவர் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள். டேங்க் காலியானதும் அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோ அழுத்தம். டேங்க் அடியிலிருந்து மாடி ஷவர் இரண்டு மீட்டர் கீழே இருந்தால் கிடைப்பது 0.2 கிலோ. அது காற்றைத் தள்ளப் போதாது. கீழ் வீட்டுக்கு இன்னும் மூன்று மீட்டர் இறக்கம் கூடுதல் என்பதால் அங்கே தள்ளிவிடுகிறது.

உடனே சரிசெய்ய: போர் மோட்டாரிலிருந்து டேங்குக்குப் போகாமல் நேரே வரும் டைரக்ட் லைன் குழாயிலிருந்து ஓஸ் எடுத்து, பாத்ரூமின் தாழ்வான குழாயில் மாட்டிக் கிளிப் போட்டு இறுக்குங்கள். டேங்க் கேட் வால்வு திறந்திருக்கட்டும்; மற்ற குழாய்களை மூடிவிடுங்கள். மோட்டார் ஓடும்போது பாத்ரூம் குழாயை முழுதாகவும் டைரக்ட் குழாயைப் பாதியாகவும் திறங்கள். தண்ணீர் பின்னோக்கி ஏறும்போது டேங்கில் குமிழி கிளம்பும். குமிழி நின்றதும் டைரக்ட் குழாயை மூடிவிட்டு ஓஸைக் கழற்றுங்கள்.

இதற்கு ஒகேனக்கல் குடிநீர்க் குழாயை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஓஸ் மாட்டியிருக்கும்போது சப்ளை நின்றால், உங்கள் டேங்கின் போர் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் இறங்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே கொண்டுவந்த குடிநீர் அது. தெருவுக்கே போகிற லைனில் போர் தண்ணீர் கலக்க நாம் காரணமாகக் கூடாது.

நிரந்தரத் தீர்வு, கைப்பிடிச்சுவரின் அடியில் துளையிட்டுப் பைப்பை மேடில்லாமல் கொண்டுபோவது. அதோடு டேங்க் கேட் வால்வை அடுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, முக்கால் இஞ்ச் ஏர் பைப் நிறுத்துங்கள். அதன் வாய் டேங்க் மூடியைவிட ஓர் அடி உயரமாக, கீழ்நோக்கி வளைந்து, கொசுவலை கட்டியிருக்க வேண்டும். உயரம் குறைந்தால் டேங்க் நிரம்பும்போது அதன் வழியே தண்ணீர் வழியும். வழிகிறதே என்று பலர் மூடி போட்டு அடைத்துவிடுவார்கள். அடைத்த ஏர் பைப்பால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று: மேட்டை அப்படியே விட்டு அதன் உச்சியில் ஏர் பைப் வைத்தால் தொல்லை கூடும். டேங்கில் தண்ணீர் மேட்டைவிடக் கீழே இறங்கியதும் அது காற்றை உள்ளே இழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும்.

கேள்வி: பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது. சுடுதண்ணீர் மட்டும் ஆறு மாதமாகக் குறைந்துகொண்டே போகிறது. கீசர் புதிதாக மாற்ற வேண்டுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: முதலில் அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளி நிறைய இரண்டுக்கும் எத்தனை நொடி ஆகிறது? வீட்டில் வேறு சுடுதண்ணீர்க் குழாய் இருந்தால் அதிலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் குறைவென்றால் கோளாறு அந்த மிக்ஸரில் (சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்). எல்லாவற்றிலும் குறைவென்றால் கீசர் பக்கம்.

மெயின் எம்சிபி சுவிட்சை இறக்கி, ஆங்கிள் வால்வை மூடி, கீசரின் இரண்டு கனெக்ஷன் பைப்பையும் கழற்றுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சுடுதண்ணீர்ப் பக்க ரப்பர் வாஷரை. சூட்டில் அது உப்பி நடு ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சில ரூபாய் வாஷர்தான். பலர் கவனிப்பதே இல்லை. அடுத்து, பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும், அழுத்தம் கூடினால் வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு. போர் தண்ணீரின் உப்பு அதில் வெள்ளையாகப் படியும். அடைத்திருந்தால் அதே பார் (அழுத்த) அளவில் புதிது போடுங்கள். வால்வை எடுத்துவிட்டு நேராக இணைப்பதும், சொட்டுகிறதென்று அதன் வாயை அடைப்பதும் ஆபத்து. தெர்மோஸ்டாட் பழுதானால் டேங்க் வெடிக்கக்கூடும்.

குழாய் முனை வலை, ஷவர் தலை இவற்றை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இரவெல்லாம் விட்டால் முலாம் கெடும்.

கேள்வி: யாரும் குழாய் திறக்காதபோதும் இரவில் பிரஷர் பம்ப் ஓடி ஓடி நிற்கிறது. ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: எங்கோ கசிகிறது. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் நீலம் கலந்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். டாய்லெட் பேசினில் நிறம் இறங்கினால் அடி ரப்பரை மாற்றுங்கள். இறங்காவிட்டால் ஒவ்வொரு பாத்ரூம் வால்வாக மூடிவைத்து, எதை மூடியபோது பம்ப் அடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். குழாயைத் திறக்கும்போது நொடிக்கு நொடி ஓடி நின்றால் பம்ப்போடு சேர்ந்த சிறிய பிரஷர் டேங்கில் காற்று போயிருக்கும். கரண்டை நிறுத்தி, தண்ணீரை முழுதும் வடித்த பிறகு சைக்கிள் பம்ப்பால் காற்றடியுங்கள். பம்ப் 1.5 கிலோவில் ஓடத் தொடங்குமென்றால் காற்று 1.3 இருக்கட்டும். காற்று வால்விலிருந்து தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும்.