பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பொறியியல் பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி மதிப்பிடுவது?

கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: உங்கள் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 5 நாள் பயிற்சி நடந்திருக்கிறது. ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு), சென்சார், 3டி பிரிண்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசி நாள் கூகுள் ஃபார்மில் 5-க்கு 4.7 வந்திருக்கிறது. அடுத்த வருஷமும் பணம் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்த 4.7-ஐ வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போயிருக்கிறேன், மற்றவர்கள் நடத்தியதை மதிப்பிடவும் போயிருக்கிறேன். ஐந்து நாள் ஓ.டி. (பள்ளிக்குப் போகாமலே பணிக் கணக்கு), ஏ.சி. ஹால், நல்ல சாப்பாடு, கடைசியில் சர்டிபிகேட்டும் குரூப் போட்டோவும். எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் 'பயிற்சி எப்படி இருந்தது' என்று போனில் ஒரு படிவம் வந்தால், நம் ஊர் ஆசிரியர் யாரும் கருத்தாளர் மனசு நோக மார்க் போட மாட்டார். மோசமான பயிற்சிக்கே 4.3-க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

பயிற்சி மதிப்பீட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு சட்டகம் இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி சொன்ன ஐந்து படிகள்: ஆசிரியருக்குப் பிடித்ததா, அவர் கற்றுக்கொண்டாரா, பள்ளி அதற்கு இடம் கொடுத்ததா, வகுப்பில் பயன்படுத்தினாரா, மாணவருக்கு என்ன கிடைத்தது. உங்கள் படிவம் முதல் படியோடு நிற்கிறது. என் அனுபவத்தில் பயிற்சி செத்துப்போவது மூன்றாவது படியில். ஆனால் அதை யாரும் அளப்பதே இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது படியில் இருக்கும் ஒரு பொறி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் 'பொறியியல் வடிவமைப்பைக் கற்பிக்க எனக்கு நம்பிக்கை உள்ளது' என்று கேட்டு மார்க் போடச் சொல்வார்கள். முதல் நாள் 4 போட்ட அறிவியல் ஆசிரியர் கடைசி நாள் 3 போடுவார். பயிற்சி அவரைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் நாள் அவருக்குப் பொறியியல் என்றால் மோட்டார் ஒயரிங். ஐந்து நாள் கழித்துத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது, அளவுகோலே மாறிவிடுகிறது. இதற்கு ஒரு வழி, கடைசி நாளில் 'இப்போது யோசித்துப் பார்த்தால், பயிற்சிக்கு முன் எவ்வளவு இருந்திருக்கும்?' என்றும் சேர்த்துக் கேட்பது. அதைவிட நல்ல வழி, மார்க்கே கேட்காமல் ஒரு மாணவனின் அரைகுறை வரைபடத்தைக் கொடுத்து, 'இவனிடம் அடுத்து என்ன கேட்பீர்கள்?' என்று எழுதச் சொல்வது. 'ரெசிஸ்டரை மாற்றச் சொல்வேன்' என்று எழுதுபவரும், 'இதை யாருக்காகச் செய்கிறாய் என்று கேட்பேன்' என்று எழுதுபவரும் ஒன்றல்ல.

பொறியியல் பயிற்சியின் உயிர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கணக்கு, அறிவியல் பயிற்சியை மதிப்பிடும் அதே படிவத்தை இதற்கும் நீட்டினால் அது பிடிபடாது. எந்த அறிவியல் கண்காட்சிக்கு வேண்டுமானாலும் போங்கள், மூன்று ஐட்டம் நிச்சயம் இருக்கும்: கையை நீட்டினால் திறக்கும் குப்பைத்தொட்டி, மழை வந்தால் துணியை உள்ளே இழுக்கும் கொடி, பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் குச்சி. மூன்றும் யூடியூபில் இருக்கின்றன. கிட்டை வாங்கி ஒயரைச் சொருகி, புரோகிராமைக் காப்பி அடித்தால் வேலை செய்யும். அதைச் செய்த மாணவன் அசெம்பிளி கற்றிருக்கிறான். வடிவமைக்கக் கற்றானா?

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி அந்தக் குச்சியைக் காட்டினாள். முனையில் அல்ட்ராசானிக் சென்சார், சுவருக்கு நேராகப் பிடித்தால் பஸ்ஸர் கத்துகிறது. ஜன்னல் திரைச்சீலைக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். கத்தவில்லை. கதவைச் சாய்வாகத் திறந்து வைத்துப் பிடித்தாள், அதற்கும் இல்லை. மெல்லிய துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், சாய்ந்த பரப்பு அதை வேறு பக்கம் திருப்பிவிடும், சென்சாருக்கு எதிரொலி திரும்பி வராது. அங்கிருந்த ஆசிரியர் "சுவத்துலயே காட்டும்மா, சார் பாக்கட்டும்" என்றார். பயிற்சியில் நன்றாகச் செய்தவர்தான், தேர்விலும் நல்ல மார்க். இன்னொரு பள்ளியில் இதே குச்சி, இதே கோளாறு. அங்கே இருந்த டீச்சர், "எதுக்கெல்லாம் கத்தலன்னு ஒரு லிஸ்ட் எழுது பாப்போம்" என்றார். பிள்ளைகள் புடவை, தலையணை, சைக்கிள் சக்கரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, எவ்வளவு தூரத்தில் கத்துகிறது என்று நோட்டில் கட்டம் போட்டார்கள். நான்காவது படி என்றால் இதுதான். எந்தப் படிவத்திலும் இது வராது, போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு கேள்வியும் நான் கட்டாயம் கேட்பேன்: இந்தக் குச்சியைப் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் இல்லை. கொடுத்திருந்தால், தரையில் இருப்பதைச் சாதாரண வெள்ளைக் குச்சியே தட்டிச் சொல்லிவிடும் என்று அவர் சொல்லியிருப்பார். அவர் இடித்துக்கொள்வது தொங்கும் கிளையிலும், நிற்கும் லாரியின் பின்பக்கத்திலும். ஐ.ஐ.டி. டெல்லியில் உருவாகி 2014-ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளைத்தான் தேடுகிறது, அதுவும் பஸ்ஸர் இல்லாமல் கைப்பிடி அதிர்வால் சொல்கிறது. தெருவில் நடக்கிறவருக்குக் காது வேறு வேலைக்கு வேண்டுமே. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாணவரை இந்த உரையாடலுக்குள் தள்ளுகிறாரா என்பதைப் பாருங்கள்.

இப்போது மூன்றாவது படி. அடல் டிங்கரிங் லேபை, அதாவது பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்கும் பள்ளி ஆய்வகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய அடல் இன்னோவேஷன் மிஷனின் கீழ் 6 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை, அதில் பாதி சாமான்களுக்கு, பாதி ஐந்து வருஷ நடைமுறைச் செலவுக்கு. நாட்டில் 10,000-க்கு மேல் வந்துவிட்டன. 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளுக்கு இன்னும் 50,000 என்று அறிவித்தார்கள். சாமான் வாங்குவது சுலபம். அதைத் தொட ஆசிரியருக்குத் தைரியம் வருவதுதான் கஷ்டம்.

எந்த மாதிரி லேபாக இருந்தாலும் நான் போனதும் முதலில் கேட்பது ஸ்டாக் ரெஜிஸ்டரை. எல்.இ.டி. எத்தனை எரிந்துபோனது, ஜம்பர் ஒயர் எத்தனை அறுந்தது? வாங்கிய எண்ணிக்கையும் இருப்பும் அப்படியே ஒத்துப்போனால் அந்த லேபில் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் கை வைத்தால் சாமான் போகும், போக வேண்டும். ஆனால் ஒரு சர்வோ மோட்டார் உடைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர். அதனால் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 'உடைந்தால் கணக்கில் கழித்துவிடலாம்' என்று எச்.எம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலைமை வேறு. பத்தாம் வகுப்புக்கு ரிவிஷன் தொடங்கியதும் முதலில் பறிபோகும் பீரியடும் இதுதான். கலந்தாய்வில் அந்த ஆசிரியருக்கு மாறுதல் கிடைத்துவிட்டால் பயிற்சியும் அவரோடு பஸ் ஏறிவிடும். ஆகவே ஆசிரியரை மட்டும் அளந்து 'பயிற்சி தோல்வி' என்று எழுதுவது அநியாயம். டைம்டேபிள், சாவி, ரெஜிஸ்டர் மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் போட்டோக்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒரே நாளில் சட்டை மாற்றி எடுத்ததெல்லாம் உண்டு.

5 நாள் போதுமா என்றால், 2007-ல் அமெரிக்கக் கல்வித் துறைக்காக ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். 1,300-க்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசியதில் ஆதாரத் தரத்தைத் தாண்டியவை வெறும் 9. அவற்றில் சராசரியாக 49 மணி நேரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் வகுப்பில், 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை 21 இடம் முன்னேறுகிற அளவு பலன் இருந்தது. 14 மணி நேரமோ அதற்குக் குறைவோ கொடுத்தவற்றில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. ஆனால் அவை கணக்கு, அறிவியல், வாசிப்பு பற்றிய ஆய்வுகள்; பொறியியலுக்கு அப்படியே பொருத்திப் பேசக்கூடாது. உங்கள் 5 நாள் கூட்டிப் பார்த்தால் 30 மணி வரும். அதே மணியை இரண்டு நாள் நேரடி வகுப்பு, பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை என்று பிரித்துக் கொடுங்கள் என்பேன். நடுவில் வகுப்பில் செய்து பார்த்து, சிக்கலோடு திரும்பி வர இடம் கிடைக்கும்.

மாணவர் மார்க்கில் பலன் தெரியுமா என்று உங்கள் கம்பெனி போர்டு கேட்கும். பொதுத்தேர்வு வினாத்தாளில் வடிவமைப்பே கேட்காதபோது மார்க்கில் எங்கே தெரியும்? அதற்குப் பதில், அடுத்த வருஷம் பயிற்சி கொடுக்கப்போகும் பள்ளிகளை இப்போதே குலுக்கலில் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற, பெறாத இரண்டு வகைப் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு ஒரே சின்ன வேலையைக் கொடுங்கள். பழைய செய்தித்தாளும் டேப்பும் கொடுத்து, ஒரு புத்தகத்தைத் தாங்கும் ஸ்டாண்டு செய்யச் சொல்லுங்கள். யார் முதல் முயற்சி சரிந்ததும் காரணம் பார்த்து மாற்றுகிறார்கள், யார் இன்னும் நாலு டேப் ஒட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டாலே போதும். குலுக்கல் முக்கியம். தானாக முன்வந்த ஆசிரியர்களை மட்டும் எடுத்தால் அவர்கள் பயிற்சி இல்லாமலேயே நன்றாகச் செய்கிறவர்கள். அந்தப் பெருமையும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பணம் போடலாமா என்பதற்கு என் பதில்: இந்த வருஷம் பயிற்சி பெற்ற பள்ளிகளில் சிலவற்றுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், முன்கூட்டி நாள் சொல்லாமல், எச்.எம். அனுமதியோடு போங்கள். பாதிக்கு மேல் பீரோ பூட்டியிருந்தால் அதே பயிற்சிக்கு இன்னொரு முறை கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தைப் பள்ளிக்கு வந்து கூட நிற்கும் ஆளுக்கும் உடையும் சாமானுக்கும் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து வகுப்பறையில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பதை பயிற்சி நடத்தும் அமைப்போடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் 'அது எங்க ஸ்கோப்ல இல்ல சார்' என்பார்கள்.