ராக்கெட் கதை சொல்லும் டீச்சரிடம் கேளுங்கள்

இருபத்தேழு வருஷம் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுத்தேன். ஓய்வு பெற்றபின் ஓர் ஆறு இன்ச் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விண்வெளிக் கதை சொல்கிறேன். கோயில் மண்டபம், பள்ளி மைதானம், மீன் ஏலக்கூடம் என்று இடம் எதுவானாலும் சரி. கதை சொல்வது பற்றிக் கேளுங்கள். ஜாதகம் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி: குலசேகரன்பட்டினம் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியர் நான். ஊருக்கே ராக்கெட் தளம் வருகிறது. பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்க?

உங்களுக்குக் கொடுப்பினை. வகுப்புத் தரையில் சாக்பீஸால் இந்தியாவை வரையுங்கள். ஒரு பையனை ஸ்ரீஹரிகோட்டாவில் நிறுத்துங்கள், நல்ல உயரமான ஒருத்தியை இலங்கையாக நிறுத்துங்கள். இப்போது அந்தப் பையனைத் தெற்கே ஓடச் சொல்லுங்கள். இலங்கை குறுக்கே நிற்கும். எரிந்து முடிந்த ராக்கெட் பாகங்களை மக்கள் வாழும் இடத்தின் மேல் போட முடியாது. அதனால் துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் அங்கிருந்து முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டிய பிறகுதான் தெற்கே திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு, சுமக்கக்கூடிய எடையே அதில் போய்விடும்.

பிறகு அதே பையனைக் குலசையில் நிறுத்தி ஓடவிடுங்கள். நேரே தெற்கு, ஒரே கடல். "ஏன் நம்ம ஊர்?" என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இதை ஓடிப் பார்த்த பிள்ளை சாகும்வரை மறக்காது.

அடுத்த நாள் தும்பா கதையைச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மீனவக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அருகில் போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது. அங்கிருந்த புனித மரிய மகதலேனா தேவாலயம்தான் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகம். இன்று அது அருங்காட்சியகம். அந்த ஊர் ஜனங்கள் வீட்டையும் கோயிலையும் விட்டுக் கொடுத்துவிட்டு வேறிடம் போனார்கள். அந்தப் பகுதியை விழுங்கிவிடாதீர்கள். உங்கள் வகுப்பிலும் நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். "எங்க தாத்தா காடும் போச்சு டீச்சர்" என்று அது சொன்னால் அதுவும் கதையில் சேர்த்திதான்.

கேள்வி: திருநள்ளாறு மேலே வரும்போது செயற்கைக்கோள் 3 விநாடி நின்றுவிடுகிறதாமே? நாசாவே வியந்ததாமே?

இல்லை. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம் போனால் கீழே விழும். நின்று, சாமி கும்பிட்டு, மறுபடி கிளம்ப அது டவுன் பஸ் இல்லை. சனீஸ்வரனுக்கு நாசாவின் சான்றிதழ் தேவையுமில்லை.

கேள்வி: மாட்டு வண்டியில் செயற்கைக்கோள் போகும் படத்தைக் காட்டி, "காசில்லாமல் மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள், அப்படியும் ஜெயித்தோம்" என்று சொல்வேன். கூட்டத்தில் பெரியவர்கள் கண் கலங்கிவிடுவார்கள். சரிதானே?

கண் கலங்குவது சரி, காரணம் தப்பு. அது ஆப்பிள் (APPLE) என்ற இந்தியச் செயற்கைக்கோள், 1981. அதன் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் உலோகம் இருந்தால் ரேடியோ அலை பட்டுத் திரும்பி அளவையெல்லாம் கெடுத்துவிடும். உலோகம் அதிகமில்லாத, நகரக்கூடிய மேடை ஒன்று தேவைப்பட்டது. மர வண்டி கிடைத்தது. லாரி வாங்க வக்கில்லாமல் மாட்டைப் பூட்டவில்லை. அந்த வேலைக்கு லாரியைவிட வண்டி பொருத்தம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். கிராமத்தில் இதைச் சொன்னால் வண்டி வைத்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நீங்கள் சொல்லும் கதையில் அவருக்குப் பரிதாபம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

கதையைச் சொல்லும் முன் அது நடந்ததா என்று பாருங்கள். இன்றைக்கு இதை இன்னும் நாலு தரம் சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எனக்கு நாமக்கல் மாவட்டம். எங்கள் ஊர் மண்ணை நிலாவுக்கு அனுப்பினார்களா?

அனுப்பவில்லை. ஆனால் விஷயம் அதைவிடச் சுவாரசியம். நிலாவின் மேட்டுநிலத்தில் இருப்பது அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை. அதே வகைப் பாறை சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. அதை அரைத்துப் பொடியாக்கி, நிலா மண்ணுக்கு மாற்றாகப் பெங்களூரில் கொட்டி, சந்திரயானின் லேண்டரும் ரோவரும் புழுதியில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் விக்ரம் லேண்டர் இறங்கியபோது, அதற்காக முன்பே சோதித்துப் பார்த்த மண் உங்கள் ஊருடையது. ஊர் விழாவில் ஒரு தட்டில் அந்தப் பொடியை வைத்து, வருகிறவர்களை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கடல் தொழில். "நிலாவுக்குப் போய் எனக்கு என்ன வந்துச்சு?" என்கிறார். என்ன பதில் சொல்ல?

நிலாவை விடுங்கள், கடலிலிருந்து ஆரம்பியுங்கள். கடலின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. பச்சை கூடியிருக்கும் இடத்தில் மிதவை நுண்ணுயிர் இருக்கும். அதைத் தின்ன சின்ன மீன் வரும். அதன் பின்னால் பெரிய மீன் வரும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இதை வைத்துத்தான் "இந்தத் திசை, இத்தனை ஆழம்" என்று மீனவருக்குச் செய்தி அனுப்புகிறது. புயல் எச்சரிக்கையைச் சொல்லவே வேண்டாம். இதைக் கேட்டபின் அப்பா, "நாங்க தண்ணி நெறத்தப் பாத்தே சொல்லுவோம்ல" என்பார். அங்கே நிறுத்திக்கொண்டு அவரைப் பேசவிடுங்கள். கதை சொல்கிறவர் வாயை மூட வேண்டிய இடம் அது.

கேள்வி: இஸ்ரோவில் வேலைக்கு எந்த குரூப் எடுக்கணும்?

இஸ்ரோ இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கம் இருக்கிறது.

கேள்வி: செவ்வாயில் இருந்த ஆப்பர்சூனிட்டி ரோவர் கடைசியாக "என் பேட்டரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்று சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டேன். அது நிஜமா?

அது அப்படிப் பேசவில்லை. 2018 ஜூன் 10 அன்று அது அனுப்பியது எண்கள்: மின்சாரம் இவ்வளவு, வானத்தில் தூசி இவ்வளவு. பத்திரிகையாளர் ஒருவர் அந்த எண்களை மனுஷ பாஷையில் சொன்னார். அதையே ரோவரின் மரண வாக்குமூலம் என்று உலகம் பரப்பிவிட்டது. நான் இதைச் சொல்லும்போது எண்களை முதலில் கரும்பலகையில் எழுதுவேன். 90 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய வண்டி பதினாலு வருஷத்துக்கு மேல் ஓடியது என்பேன். பிறகு, "இந்த எண்ணை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்?" என்று கேட்பேன். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒருத்தி, "டீச்சர், அதுக்குக் காச்சல்" என்றாள்.

கேள்வி: வாயேஜர் விண்கலத்தில் வேற்றுலகத்தாருக்காகப் போன தங்க இசைத்தட்டில் 55 மொழியில் வணக்கம் இருக்கிறது, தமிழ் இல்லை என்கிறார்களே?

உண்மை. தமிழ் இல்லை. தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம், குஜராத்தி, மராத்தி, பஞ்சாபி, ஒரியா எல்லாம் இருக்கின்றன.

கேள்வி: திட்டமிட்ட சதி! யாருமே பேசாத சுமேரியன் இருக்கிறது, கோடிக்கணக்கானவர்கள் பேசும் தமிழ் இல்லையா?

கோபம் நியாயம், சதி என்பதற்கு ஆதாரம் இல்லை. 1977-இல், அந்தத் தட்டைத் தயாரித்த விண்ணியலாளர் கார்ல் சேகன் குழுவுக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. வணக்கங்களைத் திரட்டியவர் லிண்டா சேகன். பெரும்பாலான குரல்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கைக்கெட்டிய ஆட்களைப் பிடித்துப் பதிவானவை. சுமேரியன் படித்த பேராசிரியர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் கிடைப்பார். அன்றைக்கு அந்த அறைக்குள் தமிழ் பேசும் ஆள் வரவில்லை.

குறுக்கே ஒருவர்: நான் மலையாளி. எங்களுக்கும் இடமில்லை. பரவாயில்லை, நாங்கள் ஏற்கெனவே அங்கே டீக்கடை போட்டாச்சு.

ஒரு ஸ்ட்ராங் டீ எடுத்து வையுங்கள்.

குறுக்கே இன்னொருவர்: யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். சிங்களம் இருக்கு, தமிழ் இல்லை எண்டா எங்களுக்கு அது வேற மாதிரி நோகும் டீச்சர்.

தெரியும் தம்பி. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. சிங்களத்தில் சொல்லியிருப்பது "ஆயுபோவன்", நீடூழி வாழ்க என்று பொருள். எந்த ஊருக்குப் போனாலும் இதையும் சேர்த்தே சொல்கிறேன். விட்டுப்போனதைச் சொல்லாமல் அந்தத் தட்டின் கதையைத் தமிழில் சொல்ல முடியாது.

கேள்வி: நம் குரல் இல்லாத தட்டை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

கொண்டாடச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். அதில் சீனத்து அமோய் மொழிக்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? விண்வெளி நண்பர்களே நலமா, சாப்பிட்டீர்களா, நேரமிருந்தால் இந்தப் பக்கம் வந்துபோங்கள் என்கிறார். ஐம்பத்தைந்து மொழிக்காரர்களில் எனக்கு இவர்தான் சொந்தக்காரர். வாசலில் வந்து நிற்பவரிடம் நம் வீட்டில் கேட்பதும் இதைத்தானே?

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இந்தக் கதையைச் சொல்லி முடித்து, ஓர் எவர்சில்வர் டம்ளரை மைக் மாதிரி நீட்டினேன். "நம்ம தட்டு ஒண்ணு போகுது. ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்க." பையன்கள் "ஹலோ, நான் 6-பி" என்று கத்தினார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி டம்ளரை வாங்கி, நாரைப் பல்லில் கடித்தபடியே கேட்டாள்: "அங்கன மழ தண்ணி உண்டுமாய்யா?" கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. செவ்வாயில் இத்தனை வண்டிகளை இறக்கிக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதையேதான். அன்றிலிருந்து எல்லா ஊருக்கும் அந்த டம்ளர் வருகிறது.

கேள்வி: இப்போதாவது வாயேஜருக்குத் தமிழ் வணக்கத்தை அனுப்ப முடியாதா?

தட்டில் சேர்க்க முடியாது. வாயேஜர்-1 விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கிருந்து ரேடியோ சமிக்ஞை போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. தமிழ் விவாதம் இதோடு போதும், இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: லைக்கா நாயின் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், மாற்றாமல் சொல்லுங்கள். மாஸ்கோ தெருநாய். 1957 நவம்பர் 3 அன்று விண்வெளிக்கு ஏற்றி அனுப்பினார்கள். திருப்பிக் கொண்டுவரும் வழியே அந்த விண்கலத்தில் இல்லை. சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் செத்துப்போனது என்ற உண்மை 2002-இல்தான் வெளியே வந்தது. "நட்சத்திரமாயிடுச்சு" என்று முடிக்காதீர்கள். பிள்ளைகள் கோபப்படுவார்கள். படட்டும்.

கேள்வி: நாசா கோடிக்கணக்கில் செலவழித்துப் பேனா கண்டுபிடித்தது, ரஷ்யர்கள் பென்சிலால் எழுதினார்கள். இந்தக் கதையை...

நடக்கவில்லை. அந்தப் பேனாவை ஒரு தனியார் நிறுவனம் தன் சொந்தக் காசில் செய்தது. பென்சிலை இரு நாட்டாரும் பயன்படுத்தினார்கள். ஒடிந்த முனை மிதந்து போய் மின்கருவிக்குள் புகுந்தால் ஆபத்து என்று ரஷ்யர்களும் பிறகு அதே பேனாவை வாங்கினார்கள். நடந்ததா என்று பாருங்கள், நடந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து...

கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: என்ன டெலஸ்கோப் வாங்கலாம்?

முதலில் ஒரு 7x50 பைனாகுலர். நிலாக் குழிகள், கார்த்திகைக் கூட்டம், வியாழனின் துணைக்கோள்கள் எல்லாம் தெரியும். ஒரு வருஷம் கழித்தும் ஆசை இருந்தால் மறுபடி வாருங்கள்.

கேள்வி: டீச்சர், மேலே படிக்கவில்லை, மன்னிக்கவும். திருநள்ளாறு விஷயம் உண்மையா?

மேலே படியுங்கள்.

கேள்வி: உங்கள் அடுத்த கூட்டம் எங்கே?

வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் மீன் ஏலக்கூடம், ராத்திரி ஏழு மணி. மேகம் மூடினாலும் உண்டு. தரை ஈரமாக இருக்கும், பாய் கொண்டுவாருங்கள். டம்ளர் நான் கொண்டுவருகிறேன்.