டாஸ்க் மேனேஜரில் தெரியாத பெயரா? கேள்வி-பதில்

கேள்வி: ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் ஐம்பது, அறுபது தடவை இருக்கிறது. வைரஸ் பெருகிவிட்டதா?

பதில்: இல்லை. வைஃபை, ஆடியோ, அப்டேட் போன்ற விண்டோஸ் சேவைகள் பலவும் தாமாக ஓட முடியாத டிஎல்எல் ஃபைல்கள். அவற்றை ஏற்றி ஓட்டுவதுதான் எஸ்விசிஹோஸ்டின் வேலை. முன்பெல்லாம் ஒன்றுக்குள்ளேயே பல சேவைகளை அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்று கவிழ்ந்தால் கூட இருந்தவையும் கவிழும். 2017இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட். எண்ணிக்கையை விடுங்கள், இருப்பிடத்தைப் பாருங்கள். ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுத்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 திறக்க வேண்டும். சில சமயம் சிஸ்வாவ்64. டெம்ப், டவுன்லோட்ஸ் என்று எங்காவது திறந்தால் அது போலி.

கேள்வி: ‘இவையெல்லாம் ஆபத்தான ஃபைல்கள், உடனே அழிக்கவும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. அழிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 2002இல் இதே மாதிரி ஒரு மின்னஞ்சல் உலகம் சுற்றியது. கரடி பொம்மைப் படத்தோடு ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்’ என்ற ஃபைல் இருந்தால் அது வைரஸாம். தேடியவர்களில் பலருக்கும் கரடி கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும்? விண்டோஸோடு வந்த ஜாவா டீபக்கர் அது, அதாவது ஜாவா நிரல்களில் பிழை தேடும் கருவி! சாதாரண ஆட்களுக்கு அது போனதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ‘சிஎஸ்ஆர்எஸ்எஸ்’ மாதிரி விண்டோஸுக்கு உயிரான நிரல் ஒன்றில் கை வைத்தால் கணினி நீலத் திரையோடு நின்றுவிடும்.

பெயரை வைத்து நல்லது என்று முடிவு கட்டுவதும் தப்புதான். ‘எல்சாஸ்’ என்பது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் அசல் விண்டோஸ் நிரல். அதன் முதல் எழுத்தான சின்ன எல்லுக்குப் பதில் பெரிய ஐ போட்டுப் போலிகள் வந்ததுண்டு. திரையில் இரண்டும் ஒரே கோடு.

கேள்வி: லேப்டாப் சும்மா இருக்கும்போது ஃபேன் அலறுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது. என்ன இது?

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். நீங்கள் சும்மா இருக்கும் நேரம் பார்த்துத்தான் விண்டோஸ், தேடல் வேகமாக இருக்க ஃபைல்களை இண்டெக்ஸ் (பட்டியல்) செய்யும், தன் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஸ்கேன் ஓட்டும். மவுஸை அசைத்தால் ஒதுங்கிக்கொள்ளும். அது நல்ல பிள்ளை. இன்னொன்று, உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர். சில மைனர்கள் டாஸ்க் மேனேஜர் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, திறந்ததும் பதுங்கும்.

பிரித்தறிய ஒரு வழி: டாஸ்க் மேனேஜரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, எதையும் தொடாமல் அரைமணி நேரம் இருங்கள். விண்டோஸ் வேலையாக இருந்தால் ஃபேன் மறுபடி சுற்ற வாய்ப்பு அதிகம், பெயரும் தெரியும். திறந்திருக்கும்வரை அமைதி, மூடியதும் அலறல் என்றால் சந்தேகப்படுங்கள். அப்புறம், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையும் ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே அது தேடுவதால், மைனருக்கு ஒளிய நேரம் இருக்காது.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்த பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. கணினியில் ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ ஓடுகிறது. ஆனால் அதில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதே?

பதில்: கையெழுத்து உண்மைதான். ஸ்கிரிப்ட் எனும் கட்டளை ஃபைல்களை ஓட்டும் விண்டோஸ் நிரலான டபிள்யூஸ்கிரிப்ட் அசல், அது ஓட்டும் ஸ்கிரிப்ட்தான் திருட்டு. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘கமாண்ட் லைன்’ பத்தியைச் சேர்த்தால் எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று முழு முகவரியோடு தெரியும். ஓட்டத்தை நிறுத்தி, அந்த ஃபைலையும் ஸ்டார்ட்அப்பில் அதற்குள்ள பதிவையும் நீக்குங்கள். பென் டிரைவை ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்துதான் இருக்கும்.

கேள்வி: மேக்கில் ‘கெர்னல் டாஸ்க்’ சிபியுவை விழுங்குகிறது. நிறுத்தலாமா?

பதில்: முடியாது, தேவையும் இல்லை. கணினி சூடானால் மற்ற நிரல்கள் சிபியுவைப் பிடிக்காதபடி பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி அது இடம் பிடித்து வைக்கிறது. மெத்தையிலிருந்து எடுத்து மேஜையில் வையுங்கள்.