ஜூவ் முட்டாளா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு இயக்குநர் ஃபியூயாடின் ‘ஃபான்டோமாஸ்’ மௌனப்படங்களைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஜூவ் ஒவ்வொரு முறையும் கோட்டை விடுகிறார். வில்லன் ஃபான்டோமாஸை உயர்த்திக் காட்டத்தான் இப்படி ஒரு முட்டாளா? நிருபர் ஃபான்டோர் எதற்கு? இவை குற்றத்தைக் கொண்டாடும் கதைகள்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முட்டாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கொண்டாட்டம் பற்றிய கேள்வியை விடுங்கள், அது நூறு வருஷப் பழசு. இந்தப் படங்களுக்கு மூலம் நாவல்கள்; சுவெஸ்த்ரும் அலேனும் சேர்ந்து 1911 முதல் 1913 வரை மாதம் ஒன்றாக 32 ஃபான்டோமாஸ் நாவல்கள் எழுதினார்கள். வில்லன் பிடிபட்டால் அடுத்த மாதம் கதை ஏது? சரி, அது வியாபாரம்.

முதல் நாவலின் முடிவுக்கு வாருங்கள். கர்ன் என்ற பெயரில் மரண தண்டனை பெற்ற ஃபான்டோமாஸ் தப்பிவிடுகிறான். அவனைப் போலவே மேடைக்கு வேஷம் கட்டியிருந்த நடிகன் வால்கிராண், மயக்கமருந்தின் பிடியில் கில்லட்டினுக்கு இழுத்துவரப்படுகிறான். கத்தி விழுகிறது. ஜூவ் ஓடிப்போய்த் தலையை எடுத்துப் பார்க்கிறார். முகத்தில் அரிதாரம்! படத்தில் அந்த நடிகனைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். நீங்கள் அதைத்தான் பார்த்தீர்கள். ஃபான்டோமாஸ் என்பதே ஜூவின் மனப்பிராந்தி என்று சொல்பவர்கள் மத்தியில் அவர் அலைகிறார். நீங்கள் பார்த்த நான்காவது படத்திலேயே, அவர்தான் ஃபான்டோமாஸ் என்று பிடித்து உள்ளே போடுகிறார்களே, கவனிக்கவில்லையா?

என் சித்தப்பா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சரக்கு வராமலே பில் பாஸாகிறது என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். மனுக்களின் கார்பன் நகல்கள் டிரங்குப் பெட்டியில் தேதிவாரியாக இருக்கும். எடுத்தால் ஊதா மை விரலில் ஒட்டும். “அவருக்கு எப்போதும் அதே நினைப்பு” என்று வீட்டிலேயே சிரிப்பார்கள். அந்த அதிகாரி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். சித்தப்பா அடுத்த மனுவுக்குத் தாள் வாங்கி வந்தார். அவரை யாராவது முட்டாள் என்றால் எனக்குப் பொறுக்காது. ஜூவைச் சொன்னாலும் அப்படித்தான். தோற்பது வேறு, ஏமாறுவது வேறு. ஜூவ் தோற்கிறார், ஆனால் நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். சுற்றியிருப்பவர்கள்தான் ஏமாந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அப்புறம் ஃபான்டோர். முதல் நாவலில் கொலைப்பழி சுமந்த பையன் சார்ல் ராம்பேர்தான் அவன். ஊரே கொலைகாரன் என்றபோது ஜூவ் அவனை நம்பினார். ‘எதற்கு’ என்று கேட்கிறீர்கள்! ஆங்கிலத்தில் முதல் நாவல் கிடைக்கிறது. படித்துவிட்டு எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.