கணினி கேள்வி–பதில்: முடியாத ஹர்டில் கை வைக்கலாமா?

கேள்வி: மைக்ரோகெர்னலில் ஓடும் குனு ஹர்ட் பற்றி வாசித்தேன். முப்பது வருடம் தாண்டியும் ஏன் முடியவில்லை? நான் அதில் ஏதாவது செய்யலாமா? பழைய மடிக்கணினிதான் இருக்கிறது.
— உயர்தர மாணவன், மாங்குளம்

பதில்: தம்பி, முதலில் பழைய கதை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். கம்பைலர், எடிட்டர் எல்லாம் வந்தன, கெர்னல் (வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் மையப் பகுதி) மட்டும் பாக்கி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் என்ற மைக்ரோகெர்னலின் (அடிப்படை வேலைகளை மட்டும் செய்யும் சின்னக் கெர்னல்) மேல் 1990இல் ஹர்டைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே லினக்ஸ் என்ற இன்னொரு கெர்னல் வந்தது, ஆட்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வேலையும் லேசானதல்ல. கெர்னல் நினைவகத்தையும் செய்திப் பரிமாற்றத்தையும் பார்க்கும். கோப்பு முறைமை, நெட்வொர்க் எல்லாம் வெளியே தனித்தனி நிரல்கள். அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது பிழை எங்கே என்று பிடிப்பது பெரும்பாடு.

ஆனால் அதில்தான் லாபமும். லினக்ஸில் டிரைவர் (சாதனம் ஒன்றை இயக்கும் நிரல்) ஒன்று பழுதானால் குளக்கட்டே உடைந்த மாதிரி ஆகிவிடலாம். ஹர்டில் பெரும்பாலும் ஒரு வயல் வரம்போடு போய்விடும்.

நான் முதலில் விளையாடியது 'ஹலோ' என்ற டிரான்ஸ்லேட்டரோடு (கோப்பின் பின்னால் நின்று பதில் தரும் ஹர்ட் நிரல்). 'செட்டிரான்ஸ்' கட்டளையால் அதை ஒரு கோப்பில் பொருத்தி, சொல்ல வேண்டியதாக 'கடை பூட்டு' என்று கொடுத்தேன். கோப்பைத் திறந்தால் 'கடை பூட்டு' என்று வருகிறது. ஆனால் கோப்புக்குள் யாரும் எதுவும் எழுதவில்லை, பின்னால் நிற்கும் ஒரு சின்ன நிரல்தான் பதில் சொல்கிறது. இதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதிகூடத் தேவையில்லை. அதன் சி மூலநிரல் சிறியது, அங்கிருந்தே தொடங்குங்கள்.

அன்றாட வேலைக்கு ஹர்டை நம்ப வேண்டாம். 2025இல்தான், ஹர்டை நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரும் டெபியன் குனு/ஹர்ட் 64 பிட்டிலும் வந்தது. நிறுவுவதென்றால் கியூஎமுவுக்குள் (கணினிக்குள்ளே ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரல்) மட்டும். நான் அவசரப்பட்டு நேரே வட்டில் நிறுவப் போய், தவறான பகுதியை அழித்துவிட்டேன். ஆறு மாதக் கடைக் கணக்கு அதிலே போனது. மனைவி எல்லாவற்றையும் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தபடியால் தப்பினேன் (இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்).

ஹர்டின் டிஸ்க் இமேஜ் (முழு வட்டையும் ஒரே கோப்பாக்கியது) கொஞ்சம் பெரிது, டேட்டாவைச் செலவழிக்க வேண்டாம். கிளிநொச்சிக்கு வரும்போது பென் டிரைவோடு கடைக்கு வாருங்கள், கொப்பி பண்ணித் தருகிறேன். ஞாயிறு கடை பூட்டு.